லயத்திலிருந்து வாடகை வீட்டுக்கு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும், மலாயாவுக்குக் கப்பலேறி வந்த தமிழருள் பெரும்பாலோர்க்கு வீடு என்பது தனித்த உடைமையாக வாய்க்கவில்லை. அது வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இன்று வாடகை கட்ட இயலாமல் வீடிழந்து நிற்போரின் நிலையை அறிய விரும்புவோர், முதலில் இந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

வேலையோடு வந்த வீடு

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நகரம் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் கொண்டிருந்த நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டவேண்டும் என்று, சிலாங்கூரின் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹம் ஆணையிட்டார். அதற்கான செங்கற்சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த நம்மவர் இரயில்வேயில் தொழிலாளராகவும் எழுத்தராகவும் சேர்ந்தனர். அவர்களுக்கெனப் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் குவார்ட்டர்ஸுகள் எழுந்தன.

தோட்டப்புறத்தில் நிலைமை இதனினும் இறுக்கமானது. பால்மரம் வெட்டுவோர்க்கு லயத்து வீடு முதலாளியின் நிலத்தில் இருந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிருவாகமே பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. இவ்வாறு வேலை, வீடு, பள்ளி ஆகிய மூன்றும் ஒரே நிலத்தில் ஒன்றையொன்று பற்றி நின்றன. ஒன்று சரிந்தால் மற்ற இரண்டும் சரியும் என்னும் ஆபத்து அந்த அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

புறம்போக்கு நிலம்

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டிப் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அந்த ஆபத்தை உணர்ந்தே துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் தம் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களைத் தாமே வாங்கினர். எனினும், நகரம் விரிந்த வேகத்தை எந்தச் சங்கத்தாலும் தடுக்க இயலவில்லை. சீபீல்டு தோட்டத்து மண்ணில் சுபாங் ஜெயா எழுந்தது. புக்கிட் ஜாலிலில் 1998ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கான அரங்கம் எழுந்தது. அங்கிருந்த தோட்டத்தில் எஞ்சிய குடும்பங்கள் 2011ஆம் ஆண்டளவிலும் மாற்று வீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தன.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் ஆற்றங்கரைகளிலும் இரயில் பாதையோரங்களிலும் பழைய ஈயச் சுரங்க நிலங்களிலும் குடிசை போட்டனர். அக்குடிசைகளை அகற்ற 1969ஆம் ஆண்டு அவசரகால விதிகள் அதிகாரம் அளித்தன. 2005ஆம் ஆண்டுக்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலமாதல் வேண்டும் எனச் சிலாங்கூர் அரசு இலக்கு வகுத்தது. மாற்றாக வந்த மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் அடுக்குமாடிகளில் மாத வாடகை 124 வெள்ளி. அது நற்பணியே. ஆனால், கணக்கெடுப்பில் பெயர் பதிந்த குடும்பத்திற்கே வீடு. பிறர் குடிசையின் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவர்க்கு அந்த உறுதி இல்லை. ஏழைகளிலும் ஏழையான குடிக்கூலிக்காரரே கணக்கில் விடுபட்டனர் என்பதை நாம் கருத்திற் கொள்ளுதல் வேண்டும்.

சட்டம் பார்த்த இடமும் பாராத இடமும்

வாடகைக்கு இருப்போர்க்குக் காப்பாக ஒரு சட்டம் இருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய பழைய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்தியது. 1997இல் அது நீக்கப்பட்டது; இடைக்காலம் 1999இன் இறுதியில் முடிந்தது. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பெருமளவில் வெளியேற நேர்ந்தது. அச்சட்டத்தின் இடத்தை நிரப்பப் புதிய சட்டம் வரவில்லை. நீதிமன்ற ஆணையின்றி வீட்டுக்காரர் குடியிருப்போரை வெளியேற்றலாகாது என 1950ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட துயர்தீர்வுச் சட்டம் கூறுகிறது. ஆனால், ஒப்பந்தம் முடிந்தபின் வாடகை எவ்வளவு உயரலாம் என்பதற்கு வரம்பு இல்லை. வாடகை வீட்டுச் சட்டம் பற்றிய பேச்சு 2018க்குப் பின் பலமுறை எழுந்துள்ளது. பேச்சு சட்டமாவதில்தான் தாமதம்.

ஒருவரை உண்மையில் தெருவுக்குத் தள்ளுவது மாத வாடகை மட்டுமன்று. புது வீட்டுக்கு இரண்டு மாத வைப்புத்தொகை, முதல் மாத வாடகை, நீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதத் தொகை எனக் கேட்பது இங்கு வழக்கம். வாடகை 1,000 வெள்ளியாயின், சாவியைப் பெறுமுன் 3,500 வெள்ளி வேண்டும். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 1,700 வெள்ளியாக உயர்ந்த பின்னரும், அது இரண்டு மாத ஊதியத்தை விஞ்சுகிறது. அதன் மேல், இந்தியர்க்கு வீடு இல்லை என்று வெளிப்படையாகவே அறிவிக்கும் வழக்கமும் உண்டு. பணம் இருந்தும் கதவு திறவாத நிலை நம்மவர்க்குப் புதிதன்று.

வாடகைதாரரைப் பாராத சட்டம், அவர் தெருவுக்கு வந்தபின் பார்க்கிறது. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டத்தின்படி, ஒருவரைப் பிடித்து நீதிபதிமுன் நிறுத்தி, மூன்றாண்டுகள் வரை காப்பகத்தில் வைக்கலாம். 2014இல் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் தெருவில் உணவு வழங்குவதற்கே தடை அறிவிக்கப்பட்டு, பொதுமக்கள் எதிர்ப்பு எழுந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோதோ, வீடற்றோர் பொது மண்டபங்களில் தங்கவைக்கப்பட்டனர். மனமிருந்தால் கூரை கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று.

நாம் செய்யத்தக்கது

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. லயம் வெறுமையானபோது பள்ளியும் வெறுமையானது என்பது நாமறிந்த வரலாறு. வாடகை வீட்டைக் காலி செய்யும் குடும்பத்தின் பிள்ளையும் அவ்வாறே ஆண்டின் நடுவில் வருகைப் பதிவேட்டிலிருந்து மறைகிறது. பதிவேட்டில் நாம் இடமாற்றம் என்று எழுதுகிறோம். போகும் இடம் உறவினர் வீட்டுக் கூடமா, ஒற்றை அறையா என்று கேட்பது ஆசிரியரின் கடமையுள் ஒன்று.

கேட்பதோடு நில்லாமல், செய்தற்கும் வழியுண்டு. சிறு தொகை திரட்டித் தோட்டத்தையே வாங்கிய சமுதாயம் நம்முடையது. ஒரு குடும்பத்தின் வைப்புத்தொகையைக் கடனாகக் கொடுத்துத் தவணையில் திரும்பப் பெறும் நிதியை ஒரு கூட்டுறவுச் சங்கமோ, கோயில் நிருவாகமோ, பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தொடங்குதல் அரிதன்று. சட்டம் வரும்வரை காத்திருக்க இயலாத குடும்பங்களுக்கு அந்த 3,500 வெள்ளியே கூரையாகும். கூரை நிலைத்தால், பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் நிலைக்கும்.