நால்வர் எழுதிய திறந்த மடல்

1979 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் போனது. எழுதியவர்கள் சட்ட ஆசிரியர்கள்: உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர், லோத்திகா சர்க்கார். லோத்திகா, 1974-ல் ‘சமத்துவத்தை நோக்கி’ அறிக்கையைத் தந்த குழுவில் இருந்தவர்.

வழக்கு 1972-இல் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். புகார் ஒன்றுக்காக வரவழைக்கப்பட்ட ஆதிவாசிச் சிறுமியை, உறவினர்கள் வெளியே காத்திருக்க, காவலர் ஒருவர் உள்ளே வைத்து வன்புணர்ந்தார் என்பது குற்றச்சாட்டு. இன்னொரு காவலரும் அவளிடம் அத்துமீறினார். வழக்கு இன்றும் அவள் பெயரால்தான் அறியப்படுகிறது. நான் அதை எழுதவில்லை.

அமர்வு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அவளை ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவள் என்றது. உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு, அஞ்சி அடங்கிப்போவது சம்மதம் ஆகாது என்று இருவரையும் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லையாம், அவள் கூச்சலிடவில்லையாம்.

பணிவதும் சம்மதிப்பதும் ஒன்றா என்பதே மடலின் கேள்வி. இரவில், காக்கிச்சட்டைக்காரரின் கட்டடத்துக்குள், ஏழைச் சிறுமி யாரைக் கூப்பிட்டுக் கத்துவாள்? சட்ட இதழில் அச்சாகி அலமாரிக்குப் போயிருக்க வேண்டிய தீர்ப்பு அது. மடல் அதைச் சட்டம் படிக்காத பெண்களின் கைக்குக் கொண்டுவந்தது. ஒருவரையொருவர் அறியாதவர்கள் அதைப் படிக்கவே ஒன்றுகூடினார்கள். 1980 தொடக்கத்தில் பம்பாயில் வன்புணர்வு எதிர்ப்பு மன்றம் உருவானது. மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் மறுவிசாரணை கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். வன்புணர்வைப் பேச வந்தவர்கள் வீட்டுக்குள் விழும் அடியையும் பேசத் தொடங்க, மன்றம் பெண்கள் மீதான ஒடுக்குமுறைக்கு எதிரான மன்றம் என்று பெயர் மாறியது. சட்டம் மனிதரை எதிரெதிர்க் கூண்டில் நிறுத்துவது என்றே நமக்குப் பழக்கம். இங்கே அது ஒருத்தியின் பக்கத்தில் மற்றவர்களைக் கொண்டுவந்து உட்காரவைத்தது.

வழக்கு மறுபடி திறக்கப்படவில்லை. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது: காவலில் இருந்த பெண்ணுடன் உறவு நிகழ்ந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று அவள் சொன்னால், நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ள வேண்டும்; மறுத்து நிறுவுவது எதிரியின் பொறுப்பு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமானது. அவளுக்கு இதனால் எந்த நீதியும் கிடைக்கவில்லை. பெண்ணின் ‘நடத்தை’யைக் கிளறி அவள் சாட்சியத்தைக் குலைக்க இடந்தந்த விதியும் அப்போது தப்பித்துவிட்டது, சாட்சியச் சட்டத்திலிருந்து அது நீக்கப்பட 2002-இன் திருத்தம் வரவேண்டியிருந்தது.