மேயரின் நியாயஸ்தலம்

நகரசபை என்றவுடன் தெருவைப் பெருக்குவதும் விளக்கேற்றுவதும் தண்ணீர் விடுவதுமே அதன் காரியங்கள் என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, சென்னையின் முதல் மேயர் நீதிபதியாகவும் அமர்ந்து வியாஜ்ஜியங்களைத் தீர்த்தவர் என்பது விநோதமாகத் தோன்றலாம்.

அந்த மேயருக்கும் முன்னதாகவே பட்டணத்துக்கு ஒரு நியாயஸ்தலம் இருந்தது, அது சாவடி. சுதேசிகள் குடியிருந்த பேட்டையில் அதிகாரி என்பவர் அங்கே வீற்றிருந்து சில்லறை வழக்குகளை விசாரிப்பார். கணக்குப்பிள்ளை எழுத்துவேலை பார்ப்பார். திருடரைப் பிடித்துக் கொணரும் பொறுப்பு பெத்த நாயக்கருடையது. அந்தக் காவல் உத்தியோகத்தின் பெயர்தான் இன்றும் பெத்துநாயக்கன்பேட்டை என்று நம் நாவில் வழங்குகிறது. 1678-ல் கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர், பெரிய வழக்குகளைத் தாமும் தம் ஆலோசனைச் சபையாரும் விசாரிப்பதென்று வகுத்து, 50 வராகனுக்கு உட்பட்ட வழக்குகளைச் சாவடிக்கு விட்டார்.

பத்தாண்டுகளில் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1687-ல் அளித்த சாஸனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று ஒரு மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மென்களும் கொண்ட நகரசபை ஸ்தாபிதமாயிற்று; நதானியேல் ஹிக்கின்ஸன் முதல் மேயரானார். வரி விதித்து ஊரைப் பராமரிக்க வேண்டிய இச்சபையே சிவில் வழக்கையும் கிரிமினல் வழக்கையும் விசாரிக்கும் கோர்ட்டாகவும் விளங்கியது. சட்டம் கற்ற ரெக்கார்டர் ஒருவர் துணைக்கு இருப்பார். 3 வராகனுக்கு மேற்பட்ட சிவில் தீர்ப்பும், உயிரையோ அங்கத்தையோ பறிக்கும் தண்டனையும் அட்மிரால்டி கோர்ட்டுக்கு அப்பீலுக்குரியவை. ஆங்கிலேயரோடு போர்த்துகீசியர், யூதர், இந்துக்கள் ஆகிய வர்த்தகர்களும் அந்த முதற்சபையில் ஆல்டர்மென்களாக இடம்பெற்றிருந்தமையே இதில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க அம்சம். வழக்காடுவோரின் பாஷையும் ஆசாரமும் அறிந்தவர்கள் நியாயாசனத்திலும் இருந்தார்கள்.

1726-ல் முதலாம் ஜார்ஜ் மன்னரின் சாஸனம் வந்தபோது கோர்ட்டின் கௌரவம் உயர்ந்தது. 1,000 வராகனுக்கு மேற்பட்ட வழக்கை லண்டனில் மன்னரின் சபை வரையில் கொண்டுபோகலாயிற்று. ஆனால் மேயரும், ஒன்பது ஆல்டர்மென்களில் எழுவரும் பிரிட்டிஷ் பிரஜைகளாய்ப் பிறந்தவர்களாகவே இருக்க வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. அதன் பலன் விரைவிலேயே வெளிப்பட்டது. 1730-களில், இந்து வர்த்தகர் சிலர் கோயில் சாட்சியாகப் பிரமாணம் செய்ய மறுத்தார்கள் என்பதற்காகக் கோர்ட்டார் அவர்களைச் சிறையிலடைக்க, ஊர் கொந்தளித்து, முடிவில் கவர்னரே தலையிட்டு அவர்களை விடுவிக்க நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து பட்டணம் மீண்ட பின்னர் வந்த 1753-ஆம் வருஷத்துச் சாஸனம், இரு சுதேசிகளுக்கிடையிலான வழக்கை இருவரும் சம்மதித்தாலன்றி இக்கோர்ட் ஏற்கலாகாது என்று வரையறுத்தது. 5 வராகன் வரையிலான சிறு கடன் வழக்குகளுக்கென ரிக்வெஸ்ட்ஸ் கோர்ட் என்று தனியே ஒன்றும் ஏற்பட்டது.

1798-ல் ஸர் தாமஸ் ஸ்ட்ரேஞ்சைத் தலைவராகக் கொண்ட ரெக்கார்டர் கோர்ட் வந்தபோது மேயருக்கும் ஆல்டர்மென்களுக்கும் அவர் பக்கத்தில் ஆசனம் எஞ்சியிருந்தது. 1801-ல் ஸுப்ரீம் கோர்ட் ஏற்பட்டதும் அதுவும் அகன்றது. 1862-ல் ஹைகோர்ட் உதயமாயிற்று. சட்டம் கற்றவர்கள் நியாயாசனம் ஏறியது நன்மையே, சந்தேகமில்லை. எனினும் மேயரின் நியாயஸ்தலம் ஊராரிடம் தன் செல்வாக்கை இழந்தது 1801-ல் அல்ல. ஊராருக்கு அதன் ஆசனத்தில் இடமில்லையென்று ஆன நாளிலேயே அதை அது இழந்துவிட்டது.