வானவில் முக்காடு

ஒன்றரை கஜம் துணிக்கு இவ்வளவு பெரிய சரித்திரம் உண்டென்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

இன்ஸ்டாகிராமில் இந்தோனேஷிய இளம் பெண்கள் சிலரின் படங்களைப் பார்த்தேன். தலையில் முக்காடு, அதில் ஊதா, மஞ்சள், மயில் பச்சை என்று நிறங்களின் கொண்டாட்டம். ஒரு படத்தின் கீழே பிரார்த்தனை வாசகம். அடுத்ததில் புது உடுப்பின் விலை. 'இது பக்தியா, பகட்டா?' என்று என் மனம் உடனே தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு ஆகாத பழக்கம் இது. பாத்திரத்தின் பூர்வோத்தரம் தெரியாமல் தீர்ப்புச் சொல்லலாமா?

பூர்வோத்தரம் இதுதான். மதத்தின் பெயரால் எழும் அரசியலைக் கண்டு ஜனாதிபதி சுகார்த்தோவின் சர்க்கார் அஞ்சிய காலம் அது. 1979-ல் ஈரானில் நடந்த புரட்சி அந்த அச்சத்தை வளர்த்தது. 1982-ல் அரசாங்கப் பள்ளிகளுக்குச் சீருடை விதிகள் வந்தன. அவற்றில் முக்காட்டுக்கு இடமில்லை. கழற்ற மறுத்த மாணவிகள் சிலர் வெளியேற்றப்பட்டார்கள். சிலர் தனியார் பள்ளிகளைத் தேடிப் போனார்கள். படிப்பு ஒரு தட்டில், முக்காடு மறு தட்டில் என்று சிறு பெண்கள் நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது! 1991-ல்தான் தடை நீங்கியது.

அதே 1991-ல் பிறந்தவர் தியான் பெலாங்கி என்ற உடை வடிவமைப்பாளர். 'பெலாங்கி' என்றால் அவர்கள் மொழியில் வானவில். 2010-ல் ஜகார்த்தாவில் 'ஹிஜாபர்ஸ் கம்யூனிட்டி' என்ற சங்கத்தைத் தொடங்கிய இளம் பெண்களில் அவரும் ஒருவர். இன்ஸ்டாகிராம் பிறந்ததும் அந்த வருஷமே. தாய்மார் காலத்தில் தண்டனை வாங்கித் தந்த துணியை, மகள்கள் லட்சக்கணக்கானோர் பார்க்கப் படம் பிடித்துப் போட்டார்கள். "அடக்கத்துக்கு ஏற்பட்ட உடையில் இத்தனை ஆடம்பரமா?" என்று மதப் பெரியவர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள். எனக்கோ காரணம் புரிந்தது போலிருந்தது. ஒரு தலைமுறை பயந்து பயந்து அணிந்ததை அடுத்த தலைமுறை மேளதாளத்தோடு அணிவது மனித சுபாவம்தானே?

கதை இங்கே முடிந்திருந்தால் 'சுபம்' போட்டிருப்பேன். 2021 ஜனவரியில் பாடாங் நகரத்து அரசாங்கப் பள்ளி ஒன்று, கிறிஸ்தவ மாணவி ஒருத்தியையும் முக்காடு போடச் சொல்லி வற்புறுத்தியது. அவள் மறுத்தாள். பெற்றோர் பள்ளியில் வாதாடிய காட்சி சமூக வலைத்தளங்களில் பரவி, நாடே அதைப் பற்றிப் பேசியது. கட்டாயம் கூடாதென்று பிப்ரவரியில் மூன்று மந்திரிகள் சேர்ந்து உத்தரவு போட்டார்கள். மே மாதம் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

1982-ன் மாணவி "போடுவேன்" என்றாள். 2021-ன் மாணவி "போடமாட்டேன்" என்றாள். இருவரும் கேட்டது ஒன்றைத்தான்.

இப்போது அந்த வானவில் படங்களைப் பார்க்கும்போது நான் தீர்ப்பு எழுதுவதில்லை. முக்காட்டைக் கட்டியது அவள் மனமா, பிறர் சொல்லா என்று மட்டும் தேடுகிறேன். படத்தில் அது தெரிவதில்லை.