ஒரு முற்றம், இருவகைச் சோறு



நம் தோட்டத்து வீடுகளில் அரிசி வாங்கும்போது புழுங்கலா, பச்சையா என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. புழுங்கல் அரிசிக்கு ஒரு தனி வாடை உண்டு. நிறமும் சற்று மங்கல். பட்டணத்துப் பக்கம் குடிபோன குடும்பங்கள் பல, வெள்ளை வெளேரென்ற சயாம் அரிசிக்கு மாறிக்கொண்டன. அதில் ஒரு கௌரவம் இருப்பதாகவும் கருதின. ஆனால் இதே மலாயா மண்ணில் ஒரு காலத்தில் புழுங்கல் அரிசி உண்டவர் பிழைத்தார். தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர் கால் மரத்து, மூச்சு முட்டி மாண்டார். அதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய இடம் கோலாலம்பூரில் இருந்த ஒரு மனநோயாளர் காப்பகம். பிறர் சமைத்து, பிறர் அளந்து வைப்பதைத் தவிர வேறு உணவுக்கு வழியில்லாதவர்கள் வாழ்ந்த இடம் அது. இன்று முதியோர் இல்லங்களில் இருக்கும் நம் பெரியவர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆகையால் அந்தப் பழைய வரலாற்றிலிருந்து தொடங்குவோம்.

நோயின் பெயர் பெரிபெரி. முதலில் பாதங்கள் மரத்துப்போகும். பிறகு கால் துவண்டு நடை தள்ளாடும். சிலருக்குக் கால்கள் வீங்கி, மூச்சு இரைத்து, இதயம் திடீரென்று ஓய்ந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நம்மவர் ஈயலம்பம் என்று சொல்லும் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் இந்த நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். சிறைகளிலும் காப்பகங்களிலும் அது குடிகொண்டிருந்தது. மண்ணிலிருந்து எழும் நச்சு ஆவி என்றார்கள் சிலர். கட்டடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி என்றார்கள் வேறு சிலர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் மனிதர்களின் சாப்பாட்டைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது ஆலையில் தீட்டி, நாள்பட்டு வந்த சயாம் அரிசி. மலாய்க் கிராமத்தவர் தம் வயலில் விளைந்த நெல்லை அவ்வப்போது குத்தி உண்டார்கள். தமிழர்கள் உண்டதோ இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மண். அப்படியிருந்தும் நோய் ஒரு பக்கமே சாய்ந்தது. பழைய வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்பது பிராடனின் முடிவு. 1907ஆம் ஆண்டு அவர் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். நஞ்சு என்றது பிழை. ஆயினும் அரிசிதான் குற்றவாளி என்று விரல் நீட்டியது சரியே.

இதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர்க் காப்பகத்தில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்புறமிருந்து எண்ணச் செய்தார். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்கத்து வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்போலவே சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குப் பக்கத்து வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றே. நடுவில் இருந்தது ஒரு முற்றம் மட்டுமே.

1906 முடிந்தபோது கணக்குப் பார்த்தார்கள். வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தது இரண்டே பேருக்கு. அந்த இருவரும் காப்பகத்துக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அங்கே ஒருவரும் பெரிபெரியால் சாகவில்லை. கட்டடத்தில்தான் நோய் இருக்கிறதோ என்ற ஐயத்தைப் போக்க, ஆண்டின் நடுவில் இரு கூட்டத்தாரையும் வார்டு மாற்றியும் பார்த்தார்கள். நோய் சுவரோடு தங்கவில்லை. சோற்றின் பின்னாலேயே போனது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்கத்தான் வேண்டும். மருத்துவ வரலாற்றில் இது பெரிய சோதனை. உலக நூல்களில் இடம் பெற்றது. ஆனால் அந்த 18 பேரும் முற்றத்துக்கு அப்பால் பிழைக்கும் வழி இருந்தபோதே இறந்தவர்கள். எண் சொல்லி நின்ற இடம் அவர்கள் விதியாயிற்று. இன்றைய முறைப்படி இத்தகைய சோதனைக்கு உட்படுவோரின் சம்மதம் கேட்கவேண்டும். இடையில் ஒரு பக்கம் சாவு மிகுந்தால் நிறுத்தவும் வேண்டும். அன்று அப்படி ஒரு விதி இல்லை. வாய் திறந்து கேட்கத் தெரியாதவர்களின் தட்டைக் கொண்டே உலகம் இந்த உண்மையைக் கற்றது என்பதை நாம் மறக்கலாகாது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர் 300 பேரிடம் இதையே மீண்டும் சோதித்து, 1909ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அரிசியில் நஞ்சு இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்பது தெளிவாயிற்று. பத்தேவியாவில் கோழிகளைக் கொண்டு இதே வழியில் முன்பே சென்றிருந்த ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சத்துக்குத் தயமின் என்று பெயர். வைட்டமின் பி1 என்றும் சொல்வோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். இதில் நாம் அதிகம் பெருமை கொள்ள இடமில்லை. நம் பாட்டிமார் வைட்டமினை நினைத்து நெல் அவிக்கவில்லை. குத்தும்போது அரிசி நொறுங்காது, பூச்சி எளிதில் அரிக்காது என்றுதான் அவித்தார்கள். பெரிபெரியிலிருந்து தப்பிய நம் மக்கள் மலேரியாவுக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் தப்பவில்லை என்பதும் உண்மை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அற்றுப்போய், மரவள்ளிக்கிழங்கே சோறான காலத்தில் பெரிபெரி நம்மையும் தேடி வந்தது. சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட நம்மவர் பலருக்கும் பட்டினியோடு இந்த நோயும் சேர்ந்தே இருந்தது.

இனி முதியவர்களிடம் வருவோம். பழைய தோட்ட நிர்வாகத்தில் உழைக்கும் உடம்புக்குத்தான் கணக்கு. 1907இல் தொடங்கிய இந்தியர் குடிநுழைவு நிதி ஆள்களைக் கொண்டுவரவும் பயன்பட்டது. ஓய்ந்துபோனவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பவும் பயன்பட்டது. 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே முதுமை அடைந்தவர்கள் பிள்ளைகளின் லயத்து வீட்டில் காலம் கழித்தார்கள். பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போனார்கள். தாத்தாவையும் பாட்டியையும் இல்லங்களில் சேர்ப்பது அப்படித்தான் பெருகியது. செராஸ், செங், பெடோங் முதலிய இடங்களில் அரசாங்கத்தின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் உண்டு. படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் ஏசான் இல்லங்கள் உண்டு. இவை போக, தனியாரும் தருமப் பற்றாளர்களும் நடத்துபவை எத்தனையோ.

இல்லத்தில் ஒரு பெரியவர் மெலிந்துகொண்டே போனால் நாம் என்ன சொல்கிறோம்? வயதாகிவிட்டது என்கிறோம். தலை சுற்றி விழுந்தால், பேச்சுத் தடுமாறினால், அதற்கும் வயதுதான் காரணம் என்கிறோம். அந்நாளில் மண்ணையும் ஆவியையும் சொன்னார்களே, அதைப் போன்றதுதான் இதுவும். பல வேளைகளில் காரணம் தட்டிலும் கோப்பையிலும் இருக்கிறது.

கோப்பையைப் பற்றி 1984ஆம் ஆண்டு ஒரு தெளிவு பிறந்தது. ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 67 முதல் 75 வயதுக்கு உட்பட்ட நோயற்ற ஆண்கள் ஏழு பேரையும், 20 முதல் 31 வயதுக்கு உட்பட்ட இளைஞர் ஏழு பேரையும் 24 மணி நேரம் தண்ணீர் அருந்தாமல் இருக்கச் செய்தார்கள். பிறகு வேண்டிய மட்டும் குடிக்கவிட்டார்கள். இளைஞர்கள் தாகத்தோடு குடித்து இழந்ததை ஈடுசெய்தார்கள். முதியவர்களுக்கோ தாகமே குறைவு, குடித்ததும் குறைவு. உடலில் நீர் வற்றியிருந்தும் உடல் அதைக் கேட்கவில்லை. தாகம் எடுத்தால் கேட்கமாட்டாரா என்று நாம் சொல்வது எவ்வளவு தவறு என்று பாருங்கள். 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டில் கடும் வெப்பம் வீசியபோது வழக்கத்தைவிட ஏறக்குறைய 15,000 பேர் கூடுதலாக மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். இல்லங்களில் இருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். நம் நாட்டு வெயிலோ ஆண்டு முழுவதும் காய்கிறது.

தாகம் குறைவது ஒரு பக்கம். அதைவிட நம் மனத்தை வருத்துவது மற்றொன்று. பெரியவர்கள் பலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. குடித்தால் சிறுநீர் வரும், இரவில் எழுந்திருக்க ஆள் கூப்பிடவேண்டும், பணிப்பெண் முகம் சுளிப்பாள் என்ற அச்சம். ஆயுள் முழுவதும் யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று பால் வெட்டிப் பிழைத்தவர்கள் அல்லவா? அவர்கள் எதிரில் நீர்க்குடுவையை வைத்துவிட்டுப் போவதால் பயன் இல்லை. கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவார் என்ற நம்பிக்கை வந்தால்தான் குடிப்பார்கள். மாலைக்குப் பிறகு குறைத்து, காலையிலும் பகலிலும் கூடுதலாகக் கொடுப்பதும் ஒரு வழி.

எவ்வளவு தேவை என்று கேட்பீர்கள். ஐரோப்பிய உணவியல் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி, முதிய பெண்களுக்கு நாள் ஒன்றுக்கு 1.6 லிட்டருக்கும், ஆண்களுக்கு 2 லிட்டருக்கும் குறையாத பானம் வேண்டும் என்கிறது. வெறும் தண்ணீராகவே இருக்கவேண்டியதில்லை. தேத்தண்ணீரும் கணக்கில் சேரும். மோர், ரசம், பார்லித் தண்ணீர் எல்லாம் சேரும். இனிப்புநீர் உள்ளவருக்குச் சர்க்கரையும் கெட்டிப்பாலும் வேண்டாம். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு மருத்துவர் சொல்லும் அளவே அளவு. இளநீர்கூடச் சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது. குடிக்கும்போது புரையேறி இருமுகிறவருக்கு அள்ளி ஊற்றுவது ஆபத்து. அவரை முதலில் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தட்டுக்கு வருவோம். பல இல்லங்களில் பல் இல்லாதவருக்குக் கஞ்சிதான். கஞ்சியைக் குறை சொல்லவில்லை. நம்மை வளர்த்ததே கஞ்சி. ஆனால் மூன்று வேளையும் நீர்த்த கஞ்சி என்றால் வயிறு நிறையும், உடம்பு கரையும். முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் வீதமாவது புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 கிராம். அதே கஞ்சியில் பருப்பை மசித்துப் போடலாம், முட்டையை அடித்துக் கலக்கலாம், முள் நீக்கிய மீனை உதிர்த்துப் போடலாம். அரிசியை ஐந்தாறு முறை தேய்த்துக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடிநீரைச் சாக்கடையில் கொட்டினால் பிராடன் காலத்துச் சத்தும் அதோடு போகும். இன்று பருப்பும் இறைச்சியும் காய்கறியும் தயமினைத் தருகின்றன என்பதால் பெரிபெரி பழைய கதையாயிற்று. ஆனால் உணவு குறைந்து, நாள்பட்ட குடிப்பழக்கமும் சேர்ந்தவர்களிடம் அதை மருத்துவர்கள் இன்றும் காண்கிறார்கள்.

பிளெட்சர் செய்த காரியத்தில் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது அவர் எண்ணிப் பார்த்தது. இல்லங்களில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. தட்டு எடுக்கப்படும்போது எவ்வளவு மிஞ்சியது என்று பார்ப்பார் இல்லை. எடை பார்க்கும் இயந்திரம் அலுவலக மூலையில் தூசு படிந்து கிடக்கும். ஒருவருக்கு ஆறு மாதத்தில் உடல் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 60 கிலோ இருந்தவருக்கு மூன்று கிலோவுக்கு மேல் தானாகக் குறைந்தால், அது மருத்துவர் பார்க்கவேண்டிய செய்தி. மாதம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வைத்தால்தான் அது தெரியவரும். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டமும், 2018இல் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென வந்த சட்டமும் இல்லங்களை முறைப்படுத்தவே இயற்றப்பட்டன. ஆனால் ஒவ்வொரு வேளையும் எந்த அதிகாரியும் தட்டருகே நிற்க முடியாது. அங்கே நிற்கக்கூடியவர்கள் உறவினர்கள்தாம்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறவர்கள் பிஸ்கட் டின்னும் வாழைப்பழமும் வாங்கிப் போகிறார்கள்; நல்லதுதான். அதோடு சாப்பாட்டு நேரமாகப் பார்த்துப் போங்கள். தட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, பல் செட் வாயில் இருக்கிறதா அல்லது மேசை இழுப்பறையில் கிடக்கிறதா, கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் குடியுங்கள். துணைக்கு ஆள் குடித்தால் அவரும் குடிப்பார். புறப்படும் முன் எடை குறிக்கும் புத்தகம் இருக்கிறதா என்று மேற்பார்வையாளரிடம் மரியாதையாகக் கேளுங்கள். இல்லையென்றால் பள்ளி நோட்டு ஒன்றை அடுத்த வாரம் நீங்களே வாங்கிக்கொண்டு போகலாம்.