மாத்திரைக்கும் ஒரு பாஸ்புக்

கலவையில இருக்கற எங்க பாட்டிக்கு மாசாமாசம் அரசு ஆஸ்பத்திரியில பிரஷர் மாத்திரை கொடுக்கறாங்க. அட்டையோட பின்பக்கம் தமிழ்நாடு அரசு சப்ளை, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருக்கும். ராணிப்பேட்டை மாவட்டத்துச் சின்ன ஊருக்கு அந்த அட்டை எப்படி வந்து சேருது? அதுதான் இன்னைக்கு எபிசோடு.

ஒரு காலத்துல மருத்துவத் துறையின் ஒவ்வொரு பிரிவும் தனித்தனியா மருந்து வாங்கிட்டிருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில மருந்து தீர்ந்திருக்கும், இன்னொரு இடத்துல அதே மருந்து காலாவதி ஆகிட்டிருக்கும். இதைச் சரி செய்ய 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995 ஜனவரியில் விநியோகம் ஆரம்பம்.

டிசைனைப் பாருங்க. டெண்டர் விட்டு விலையை முடிவு பண்றது கழகம். ஆனா மருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போகாது, மாவட்டக் கிடங்குக்குத்தான் போகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்னு அதுல வரம்பு இருக்கும். எது தேவையோ அதை எடுத்துக்கலாம், அந்த மதிப்பு கழிஞ்சுடும். வேண்டாத மருந்தை யாரும் தலையில கட்ட முடியாது.

அடுத்தது தரம். வர்ற ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுப்பாங்க. கம்பெனி பேரை மறைச்சு, ஒரு கோடு நம்பர் போட்டு லேபுக்கு அனுப்புவாங்க. பாஸ் ஆன பிறகுதான் விநியோகம்.

கிடங்குகளோட கையிருப்புக் கணக்கு கம்ப்யூட்டர் வழியா சென்னைக்குப் போகும். அதை வெச்சு, ஒரு மாவட்டத்துல மிச்சமா இருக்கறதைக் குறைவா இருக்கற மாவட்டத்துக்கு மாத்தலாம். இத்தனைக்கும் இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். நாம இன்னைக்கு வெப் அப்ளிகேஷனா எழுதற லாஜிக்கை அவங்க அதுக்கு முன்னாடியே யோசிச்சுட்டாங்க!

இது எனக்கு உறைச்சது காலேஜ் ஃபைனல் இயர்ல. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் பண்ணினேன். டேபிள்ல மருந்து பேர், எண்ணிக்கை, அவ்வளவுதான். ஃபார்மசிஸ்ட் அக்கா ஒரே கேள்வி கேட்டாங்க: "தம்பி, 500 இருக்குன்னு காட்டுது, சரி. இதுல எந்த பேட்ச் அடுத்த மாசம் எக்ஸ்பைரி?" என்கிட்ட பதில் இல்ல. ஒரு பேட்ச் கெட்டதுன்னு தெரிஞ்சா அதை மட்டும் திரும்ப எடுக்கவும் என் சிஸ்டத்தால முடியாது. எல்லாத்தையும் முதல்ல இருந்து எழுதினேன்.

இந்தத் தமிழ்நாட்டு மாடல் மத்த மாநிலங்களுக்கும் போச்சு. 2011-ல் ராஜஸ்தான் இதே மாதிரி ஒரு கழகம் ஆரம்பிச்சு, இலவச மருந்துத் திட்டத்தைக் கொண்டு வந்தது. அங்க கணக்குப் பார்க்க சி-டாக் உருவாக்கின இணையவழி மென்பொருளுக்குப் பேர் இ-ஔஷதி.

ஆனா ஒண்ணு மக்களே. ஸ்கிரீன்ல 500-ன்னு காட்டி அலமாரி காலியா இருந்தா, "அடுத்த வாரம் வாங்க"ன்னுதான் கவுன்டர்ல சொல்வாங்க. நமக்கு அது ஒரு பக். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போற ஒரு அக்காவுக்கு அது ஒரு நாள் கூலி. எங்க பாட்டிக்கு ஒரு வாரம் மாத்திரை இல்லாத நாட்கள்.

ஸ்டாக் கணக்கு எழுதற யாரும், ஒரு தடவை அந்த கியூவுல போய் நின்னு பாருங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!