‘கபடி’ என்பது ‘கைபிடி’யா? ஒரு சொற்பிறப்புக் குறிப்பு

(சற்றே நீண்ட பதிவு. மொழியியல் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

கோவிந்தாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே கேரள எல்லைச் சோதனைச் சாவடி உள்ளது. பொள்ளாச்சிப் பக்கத்து அணிகளும் கொல்லங்கோட்டுப் பக்கத்து அணிகளும் இங்கே கபடி ஆடக் கூடுவது வழக்கம். அண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தின்போது ஒலிபெருக்கியில் பேசிய அன்பர், “கபடி என்பது கைபிடி என்னும் தூய தமிழ்ச் சொல்லின் திரிபு” என்றார். பலத்த கைதட்டல். என்னால் தட்ட இயலவில்லை. ஈராண்டுகளுக்கு முன் மாணவர்கள் நிறைந்த ஓர் அரங்கில் நானும் இதையே சொல்லி, இதே கைதட்டலைப் பெற்றிருக்கிறேன். அன்று சரிபாராமல் சொன்னதைச் சரிபார்த்த பின் எழுதுவதே இப்பதிவு.

முதலில் அக்கருத்தை அதன் வலுவோடு எடுத்துரைப்பதே முறை. பாடி வருபவரைச் சூழ்ந்து மடக்குவதற்காக எதிரணியினர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக நிற்பர். அதனால் ஆட்டம் ‘கைபிடி’ எனப் பெயர் பெற்று, நாளடைவில் ‘கபடி’ ஆயிற்று என்பர். கேட்டவுடன் மனம் ஏற்கும் விளக்கம் இது. ஆயினும் சொற்பிறப்பு ஆய்வில் பொருட்பொருத்தம் மட்டும் போதாது; ஒலிமாற்றத்தின் ஒவ்வொரு படிக்கும் அம்மொழிக்குள் ஒப்புமை காட்ட வேண்டும்.

இங்கே மூன்று இடங்களில் தடை எழுகிறது. ஒன்று, முதலசை. ‘ஐந்து’ என்பது ‘அஞ்சு’ ஆனதைச் சிலர் சான்று காட்டலாம். ஆனால் கைவேலை, கைப்பை, கைமாற்று என நாமறிந்த கூட்டுச்சொற்கள் எதிலும் ‘கை’ பேச்சில் ‘க’ எனக் குறுகுவதில்லை. இரண்டு, இரண்டாம் அசை. ‘பிடி’ பேச்சுத் தமிழில் ‘புடி’ ஆகும். இதழொலியை அடுத்த இகரம் உகரமாவது (பிள்ளை – புள்ள, பிடுங்கு – புடுங்கு) நன்கறிந்த விதி. எனவே இயல்பான திரிபு ‘கைபுடி’ என்றே இருந்திருக்கும். அந்த உகரம் எப்படி அகரமாயிற்று என்பதற்கு விடையில்லை. மூன்று, இறுதி மெய். இந்தி, தெலுங்கு, கன்னட வடிவங்களில் டகரம் இரட்டித்தும் அதிர்ந்தும் ஒலிக்கிறது. தமிழில் டகரம் இரட்டித்தால் அதிர்வை இழந்து ‘பட்டு’, ‘கட்டி’ என்பனபோல் வல்லென்றே ஒலிக்கும். ஆகவே அதிர்வுடைய இரட்டை டகரத்தைக் கொண்ட சொல் தமிழுக்குள் வரும்போது இரண்டு வழிகளே உள. இரட்டிப்பைக் காத்து அதிர்வை விடலாம். ‘லட்டு’ அவ்வழியில் வந்தது. அதிர்வைக் காத்து இரட்டிப்பை விடலாம். ‘கபடி’ இவ்வழியில் வந்ததாகக் கொள்வதே எளிது. மறுதிசையில், ‘கைபிடி’யின் ஒற்றை டகரம் அத்தனை மொழிகளிலும் ஏன் இரட்டித்தது என்பதை விளக்குவது கடினம்.

எல்லைப்புறத்தில் வாழ்வதால் எனக்கு எளிதில் கிடைத்த மற்றொரு சான்று, போட்டி அறிவிப்புப் பலகை. மலையாளத்திலும் ‘கைப்பிடி’ அன்றாடச் சொல். அதை எழுதுபவர் வல்லொலிக்குரிய பகரத்தையே இடுவார். ஆனால் ‘கபடி’யை எழுதும்போது அதிர்வொலிகளுக்கெனத் தனியே உள்ள இரு எழுத்துகளை இடுகிறார். அவ்வெழுத்துகள் பெரும்பாலும் வடசொற்களுக்கும் பிறமொழிச் சொற்களுக்கும் உரியன. இது சொல்லின் பிறப்பை மெய்ப்பிக்காது. எழுதுபவர் செவியில் அது ‘கை’யாகவும் ‘பிடி’யாகவும் கேட்கவில்லை என்பதை மட்டும் காட்டும்.

பொருளிலும் ஓர் இடறல் உண்டு. ‘கபடி, கபடி’ எனச் சொல்பவர் யார்? பிடிப்பவர் அல்லர், பிடிபடாமல் தொட்டுத் திரும்ப வேண்டியவர். அவர் எதற்காக ‘கைபிடி, கைபிடி’ என்று கூவிக்கொண்டு எதிரிகளின் நடுவே செல்ல வேண்டும்?

அப்படியானால் இச்சொல் எங்கிருந்து வந்தது? இவ்வாட்டத்தின் பிற பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் வழி புலப்படும். தமிழில் சடுகுடு, தெலுங்கில் செடுகுடு, மராத்தியில் ஹுதுது, வங்காளத்தில் ஹாடுடு, இலங்கையில் சிங்களவரிடையே குடு. இவற்றுள் எதுவும் ஆட்டத்தின் கருவியையோ, களத்தையோ, பிடியையோ குறிக்கவில்லை. ஆடுபவர் மூச்சடக்கிச் சொல்லும் ஒலியே ஆட்டத்தின் பெயராகியுள்ளது. ‘கபடி’யையும் இவ்வரிசையில் வைப்பதற்கு எந்த ஒலிவிதியையும் வளைக்க வேண்டியதில்லை.

இவ்வொலிகளின் அமைப்பும் தற்செயலானதன்று. ஒரே மூச்சில் நெடுநேரம் சொல்ல வேண்டும். நடுவர் காதிலும் விழ வேண்டும். வல்லின ஒலிகள் காற்றின் வழியைக் கணநேரம் அடைத்துத் திறப்பவை; எனவே மூச்சு சிக்கனமாகிறது, அசையும் தெளிவாகக் கேட்கிறது. ‘சடுகுடு’வில் நான்கு அசைகளும் குறில், நான்கும் வல்லினத்தில் தொடங்குவன. ‘கபடி’யின் மூன்று அசைகளும் அவ்வாறே. தமிழ்ச் செவிக்குக் ‘குடுகுடு’ ஓட்டத்தின் ஒலிக்குறிப்பாகவும் அமைந்தது. ‘தம் பிடித்துப் பாடு’ என்று ஆடுகளத்தில் சொல்கிறோமே, அந்தத் ‘தம்’ மூச்சைக் குறிக்கும் பாரசீகச் சொல். கடிகாரம் இல்லாத ஊர்த்திடலில் மூச்சே கடிகாரமாக இருந்தது. அது ஓடுகிறதா நின்றதா என்பதைக் கேட்டறியும் ஓசையே இந்தச் சொல்.

இத்தனை ஒலிகளுள் ஒன்று மட்டும் நாடெங்கும் நிலைத்தது எவ்வாறு? அது மொழியியலின் கதையன்று, அமைப்புகளின் கதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் மராட்டியப் பகுதியில் இவ்வாட்டத்திற்கு எழுதப்பட்ட விதிகள் உருவாயின. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலைச் சேர்ந்தோர் இதனை ஆடிக் காட்டினர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இது பதக்கப் போட்டியாயிற்று. விதிகளுக்கு வடிவம் தந்த மராட்டியரின் ‘ஹுதுது’கூட அப்பெயர்ப்பலகையில் இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

விதிநூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாடிச் செல்லுதலை அது ‘கேண்ட்’ என்கிறது. பாடுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்த சொல் அது; நம் ஊர்களில் ‘பாடப் போகிறான்’ என்பதும் அதே உருவகம். ஆனால் விதியின்படி பாடத்தக்கது ‘ஏற்பளிக்கப்பட்ட சொல்’ ஒன்றே; அது ‘கபடி’. வேறெதைச் சொன்னாலும் நடுவர் திருப்பி அனுப்பலாம். ஊருக்கு ஊர் வேறுபட்ட ஒலிகளும், எதிரணியைச் சீண்டும் எதுகை வரிகளும் அத்துடன் களத்தை விட்டு வெளியேறின. 2014இல் தொடங்கிய புரோ கபடியில் ஒரு பாடலுக்கு 30 விநாடி எனக் கடிகாரமே அளக்கிறது. மூச்சின் வேலையும் குறைந்தது.

எனவே ‘கைபிடி’ விளக்கத்தில் எனக்குள்ள வருத்தம் அது பிழை என்பது மட்டுமன்று. தமிழுக்குப் பெருமை சேர்க்கும் நோக்கில், வெளியிலிருந்து வந்து நிலைத்த பெயருக்குத் தமிழ் வேர் தேடுகிறோம். அப்பெயர் வந்ததால் வழக்கிழந்த ‘சடுகுடு’வை மறந்துவிடுகிறோம். அபிமன்யுவின் சக்கரவியூகமே கபடியின் தொடக்கம் என்போரும் இதையே வேறொரு திசையில் செய்கின்றனர். மூலம் தொன்மையானதாக இருந்தால்தான் ஆட்டத்திற்கு மதிப்பு என்னும் எண்ணம் இரு தரப்பிற்கும் பொது.

அன்றைய ஆட்டம் முடிந்தபின் ஒலிபெருக்கிக்காரரிடம் இவற்றுள் சிலவற்றைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “அப்ப எங்க தாத்தா காலத்துல என்ன சொல்லிப் பாடுனாங்க தம்பி?” என்று கேட்டார். அருகிலிருந்த முதியவர் ஒருவர் தாம் சிறுவயதில் பாடிய வரிகளை ஒரே மூச்சில் சொல்லத் தொடங்கி, பாதியில் இருமி நிறுத்திக்கொண்டார். மீதியை வேறொரு நாள் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லவிருக்கிறேன்.

இதை வாசிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் 70 வயதைக் கடந்த ஆட்டக்காரர் எவரேனும் இருந்தால், அவர் எதைச் சொல்லிப் பாடினார் என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். ஊர்ப்பெயரையும் ஆட்டத்தின் உள்ளூர்ப் பெயரையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். அச்சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாதவை. அவர்களின் மூச்சில் மட்டுமே இருப்பவை.