பட்டிப்பளை ஆறு: கழிமுகத்திலிருந்து ஒரு நோக்கு

ஆறுகளின் வரலாற்றை அவை ஊற்றெடுக்கும் மலையிலிருந்து தொடங்கிக் கூறுதலே பெருவழக்கு. எனினும், நெல்வேளாண்மையையே வாழ்வாகக் கொண்ட கீழைக்கரை மக்கள் ஓர் ஆற்றைத் தம் வயலுக்கு வந்துசேரும் நீரைக் கொண்டே அறிவர். ஆதலின், பட்டிப்பளை ஆற்றின் வரலாற்றைக் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கி ஆராய்தல் பொருத்தமுடையதாகும்.

வினாயகபுரத்திலிருந்து கரையோர வீதிவழியே வடக்கு நோக்கிச் செல்வோர் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை ஆகிய ஊர்களைக் கடந்து, ஒலுவிலுக்கும் நிந்தவூருக்கும் இடையே களியோடைப் பாலத்தை அடைவர். பதுளை மாவட்ட மலைகளில் தோன்றி ஏறத்தாழ 108 கிலோமீற்றர் ஓடிவரும் பட்டிப்பளை ஆறு இப்பகுதியிலேயே கடலோடு கலக்கின்றது. சிங்கள மக்கள் இதனைக் கல் ஓயா என்பர். கல்லாறு என்பது அதன் பொருள். வண்டல் படிந்த கழிமுகத்தைக் காண்போர்க்கு அப்பெயர் விளங்குதல் அரிது. கடுக்காயும் தான்றியும் நெல்லியும் செறிந்த நில்கலைப் புல்வெளிகளை அடைந்து, அங்கே பாறைகளினூடே தெளிந்தோடும் நீரைக் கண்டபின்னரே அதன் பொருத்தம் புலனாகும்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் வேளாண்மை மிகத் தொன்மையானது. காவந்தீசன் தன் இளைய மகன் தீசனைத் தீகவாபிக்கு அனுப்பிப் பயிர்த்தொழிலை மேற்பார்வை செய்வித்தான் என மகாவம்சம் கூறும். அண்மையிலுள்ள குடுவில் பிராமிச் சாசனம் தீகவாபி வணிகரையும், ‘தமேட’ எனச் சுட்டப்பெற்ற ஒருவரையும் குறிப்பிடுகின்றது. பல்வேறு மக்கள் கூடி வாழ்ந்த நிலமாகவே இவ்வாற்றங்கரை தொடக்கந்தொட்டு விளங்கிற்று என்பதற்கு இது சான்றாகும். பின்னர், 1626இல் போர்த்துக்கேயரால் மேற்குக் கரையினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெருந்தொகையினரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான்.

இங்ஙனம் அருகருகே வாழ்ந்த தமிழரும் முஸ்லிம்களும் வேளாண்மையில் ஒரே வழக்காறுகளைப் பின்பற்றினர். போடியார், முல்லைக்காரன், வட்டை விதானை என்னும் சொற்கள் இரு சாராருக்கும் பொதுவானவை. வட்டை என்பது வயற்பரப்பு. அதன் விதானை கமக்காரர் கூட்டத்தில் தெரிந்தெடுக்கப்படுபவர். வாய்க்கால் துப்புரவு, வேலியடைப்பு, நீர்ப்பங்கீடு ஆகியன அவர் பொறுப்பிலிருந்தன. அவருக்குரிய ஊதியம் நெல்லாக வழங்கப்பட்டது. இத்தகைய வழக்காறுகளுக்கு 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் சட்ட வலுவளித்தது. அதனை இயற்றுவித்த ஆளுநர் சேர் ஹென்றி வார்டின் காலத்திலேயே இறக்காமம், அம்பாறைக் குளங்களும் திருத்தம் பெற்றன. எனவே, 1949இற்கு முன்னர் இவ்வாற்று நிலம் வெறுங்காடாகவே இருந்தது எனும் கூற்று ஏற்புடையதன்று.

அவ்வாண்டிலேயே டி. எஸ். சேனநாயக்காவின் அரசு கல் ஓயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. அமெரிக்க நிறுவனமான மொரிசன் நட்சன் இங்கினியாகலையில் அணையைக் கட்டிற்று. ஏறத்தாழ 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் சேனநாயக்க சமுத்திரம் தோன்றியது. நாட்டின் உணவுத் தேவைக்கு இத்திட்டம் ஆற்றிய பணியை எவரும் மறுத்தல் இயலாது. எனினும், அதன் விலையும் உடன் எண்ணற்பாலது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட ஆய்வுநூலிற் பதிவுபெற்ற வேடர் குடிகள் சில தம் வேட்டைக் காடுகளை இழந்து பெயர்ந்தன. புதிய குடியேற்றங்களில் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெற்றனரெனினும், தலைப்பகுதி நிலங்களிற் பெரும்பாலானவை சிங்களக் குடியேற்றக்காரருக்கே கிடைத்தன. 1956 ஜூன் மாதத்தில், சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் சட்டம் நிறைவேறிய வேளையில், இப்பள்ளத்தாக்கில் வன்செயல் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

அணையின் பின்னர் நீர்ப்பங்கீடு வட்டை விதானையின் கையினின்று பொறியியலாளர் கைக்கு மாறியது. இடதுகரை வாய்க்கால்கள் பழுதுற்றன. தலைப்பகுதியினர் வேண்டிய மட்டும் நீரெடுக்க, கடைமடையிலிருந்த தமிழ்க் கமக்காரர் வயல் வறண்டது. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை அங்கு அனுப்பிக் கமக்காரர் குழுக்களை உருவாக்கின. அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் காற்பங்கே நிறைந்திருந்தது. அந்நிலையிலும் கமக்காரர் தாமே வாய்க்கால்களைத் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கடைமடைக்கு விட்டனர். சிங்களக் கமக்காரர் தமிழ்க் கமக்காரருக்கு நீர் விட்டுக்கொடுத்த செய்தியை நோர்மன் அப்ஹொவ் தம் நூலிற் பதிவுசெய்துள்ளார். நாட்டில் இனப்பகை முற்றிவந்த ஆண்டுகள் அவை என்பது நோக்கற்பாலது.

வட்டை விதானையர் நெடுங்காலம் பேணிய முறையே இங்குப் புதிய பெயரில் மீண்டும் தோன்றியது எனலாம். இங்கினியாகலை அணைக்கட்டில் நின்று நீர்ப்பரப்பின் அழகை வியப்போர், களியோடையில் எஞ்சி ஓடும் நீரையும் சென்று காணல் வேண்டும். தலைமதகில் திறந்துவிடப்படும் நீர் கடைமடை வயலை அடைந்ததா என்னும் வினாவுக்குக் கிடைக்கும் விடையிலேயே இவ்வாற்றின் வரலாறு அடங்கியுள்ளது.